பழைய கணினியில் விண்டோஸ் அப்டேட் நகரவே இல்லையா? நான் சரிசெய்த வழி

அக்காவின் ஜெராக்ஸ் கடையில் ஒரு பழைய டெஸ்க்டாப் இருக்கிறது. 2013ல் வாங்கியது. மூன்றாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. 2025 ஜூன் மாதம், கல்லூரி விண்ணப்பம் போடப் பிள்ளைகள் வரிசையில் நிற்கும் நேரம் பார்த்து அதில் அப்டேட் சிக்கிக்கொண்டது. மூன்று நாளாக "டவுன்லோடிங் 0%" என்றே காட்டியது. கூடவே கணினியும் ஊர்ந்தது. ஒரு பிடிஎஃப் திறக்க இரண்டு நிமிடம். "தம்பி, இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கிடலாமா?" என்று அக்கா கேட்டபோதுதான் உட்கார்ந்தேன். இரண்டு இரவுகள் ஆயின. புதிது வாங்கத் தேவைப்படவில்லை.

இணையத்தில் தேடினால் இருபது கட்டளைகளைக் கருப்புத் திரையில் வரிசையாக ஒட்டச் சொல்கிறார்கள். எது எதற்கு என்று தெரியாமல் ஒட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. முக்கால்வாசி வேலையை மவுஸாலேயே முடிக்கலாம். நான் செய்த வரிசையிலேயே சொல்கிறேன். தொடங்கும் முன் முக்கியமான கோப்புகளை வேறு டிஸ்க்கில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

மெதுவாகப் போகிறதா, நின்றுவிட்டதா?

இரண்டும் வேறு வேறு நோய், மருந்தும் வேறு. டாஸ்க் மேனேஜரைத் திறந்து "டிஸ்க்" என்ற பத்தியைச் சொடுக்குங்கள், அதிகம் உழைப்பது மேலே வரும். அங்கே "விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர் வொர்க்கர்" என்ற பெயர் இருந்தால் அப்டேட் உள்ளே வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. விட்டுவிடுங்கள்.

விண்டோஸ் 10ன் மாதாந்திர அப்டேட் முந்தைய மாதங்களின் திருத்தங்களையும் சேர்த்தே வருகிறது. கணினி ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, தேவையானதை மட்டும் மாற்ற வேண்டும். சுழலும் ஹார்ட் டிஸ்க்கால் இப்படிச் சிதறிக் கிடக்கும் கோப்புகளை நொடிக்கு நூறு சொச்சம் தடவைதான் எட்டிப் பிடிக்க முடியும். சாதாரண எஸ்எஸ்டி (சுழலும் பாகமே இல்லாத புதுவகை டிஸ்க்) அதே நொடியில் பல்லாயிரம் தடவை எட்டும். பழைய கணினியில் ஒரு மாத அப்டேட் இரண்டு மணி நேரம் எடுத்தால் அது கோளாறு அல்ல, அந்த டிஸ்க்கின் வேகமே அவ்வளவுதான்.

ரீஸ்டார்ட் ஆகும்போது நீலத் திரையில் 30 சதவீதத்தில் நின்றால்? பெட்டியின் முன்பக்கம் டிஸ்க் விளக்கு மினுக்குகிறதா என்று பாருங்கள். மினுக்கும்வரை கை வைக்காதீர்கள். விளக்கு அசைவே இல்லாமல் மூன்று மணி நேரம் ஆனால்தான் நான் பவர் பொத்தானை அழுத்திப் பிடிப்பேன். அதற்குப் பிறகு "மாற்றங்களைத் திரும்பப் பெறுகிறோம்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி வரலாம். அந்த நேரத்தில் மட்டும் மறுபடி அணைக்கவே கூடாது. யூபிஎஸ் பேட்டரி நன்றாக இருக்கிறதா என்பதையும் முன்பே பார்த்துவிடுங்கள். அப்டேட் நடுவில் கரண்ட் போனால் விண்டோஸே திறக்காமல் போகக்கூடும்.

டிஸ்க் உயிரோடு இருக்கிறதா?

இதை யாரும் முதலில் பார்ப்பதில்லை. "கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ" என்ற இலவச மென்பொருளை நிறுவித் திறங்கள். நீல நிறத்தில் "குட்" என்றால் மேலே போகலாம். மஞ்சளில் "காஷன்" என்றால் அப்டேட்டை மறந்துவிட்டு, கோப்புகளைக் காப்பாற்றி டிஸ்க்கை மாற்றுங்கள். பழுதாகும் டிஸ்க்கில் எத்தனை முறை அப்டேட் போட்டாலும் அதே இடத்தில் சிக்கும்.

தேதி சரியா?

அக்கா கடையின் முதல் முடிச்சு இங்கேதான் அவிழ்ந்தது. அப்டேட் பக்கத்தில் ஒரு பிழை எண் வந்துகொண்டிருந்தது. அதன் கடைசி எழுத்துகள் 2எஃப்8எஃப். கணினியின் தேதியும் நேரமும் தவறாக இருந்தால் வரும் பிழை அது. பாதுகாப்பான இணைப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்றிதழ் உண்டு, அதற்குக் காலவரம்பும் உண்டு. கணினி தன்னை 2013ல் இருப்பதாக நினைத்துக்கொண்டால், சர்வரின் சான்றிதழ் அதற்குச் செல்லாது.

கடையில் ராத்திரி மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் போவார்கள். மதர்போர்டில் இருக்கும் காசு வடிவப் பேட்டரி தீர்ந்துபோயிருந்ததால் காலையில் எல்லாம் பழைய தேதி. அக்காவும் தினமும் கையால் மாற்றிக்கொண்டிருந்திருக்கிறார், சில நாள் மறந்தும் போயிருக்கிறார். சிஆர்2032 என்று கேட்டால் கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும், விலையும் அதிகம் இல்லை. மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு மாற்றுங்கள். பிறகு நேரத்தைத் தானாக எடுத்துக்கொள்ளும் அமைப்பையும் நேர மண்டலத்தையும் சரிபாருங்கள்.

இடம்

சி டிரைவில் 20 ஜிபியாவது காலியாக வைப்பது என் கணக்கு. பிழை எண் 80070070 என்று முடிந்தால் இடம் போதவில்லை என்றே பொருள். எது இடத்தை அடைக்கிறது என்று பார்க்க "விஸ்ட்ரீ" எனக்குப் பிடித்த கருவி, பழைய டிஸ்க்கிலும் சட்டென்று காட்டிவிடும். அடுத்து விண்டோஸிலேயே உள்ள "டிஸ்க் கிளீனப்" போய் "கிளீனப் சிஸ்டம் ஃபைல்ஸ்" அழுத்தி, "விண்டோஸ் அப்டேட் கிளீனப்" என்பதைத் தேர்வு செய்யுங்கள். "டவுன்லோட்ஸ்" என்ற பெட்டியில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் நீங்கள் சேமித்து வைத்ததெல்லாம் போய்விடும். ஒரே சொடுக்கில் கணினியை வேகமாக்குவதாகச் சொல்லும் கிளீனர்களையும் டிரைவர் அப்டேட்டர்களையும் நிறுவாதீர்கள். பழைய கணினிக்கு அவை கூடுதல் சுமைதான்.

நான் மாட்டிக்கொண்ட இடம்: கோப்புறையின் பெயரை மாற்றுவது

தேதி சரியான பிறகும் அப்டேட் 0 சதவீதத்திலேயே நின்றது. காரணம், தேதி தவறாக இருந்த நாட்களில் அரைகுறையாக இறங்கிய கோப்புகள். அவை சி டிரைவில் விண்டோஸ் கோப்புறைக்குள் "சாஃப்ட்வேர் டிஸ்ட்ரிப்யூஷன்" என்ற உட்கோப்புறையில் கிடக்கும். அதன் பெயரை மாற்றிவிட்டால் விண்டோஸ் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொண்டு முதலிலிருந்து தொடங்கும். அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றச் சொல்வதற்குக் காரணம், ஏதாவது தவறினால் பழையதைத் திரும்ப வைத்துக்கொள்ளலாம் என்பதே.

வழக்கமாகச் சொல்லும் முறை இது. ஸ்டார்ட் மெனுவில் "சர்வீசஸ்" (பின்னணியில் ஓடும் சேவைகளின் பட்டியல்) என்று ஆங்கிலத்தில் தேடித் திறங்கள். பட்டியலில் "விண்டோஸ் அப்டேட்" மீது வலது சொடுக்கி "ஸ்டாப்" கொடுங்கள். "பேக்ரவுண்ட் இன்டெலிஜென்ட் டிரான்ஸ்ஃபர் சர்வீஸ்" என்பதையும் அதேபோல் நிறுத்துங்கள். பிறகு கோப்புறையின் பெயருக்குப் பின்னால் "பழையது" என்று ஏதாவது சேர்த்துவிடுங்கள்.

எனக்கு அது நடக்கவில்லை. "இந்தக் கோப்புறை வேறொரு நிரலில் திறந்திருக்கிறது" என்ற பொருளில் செய்தி வந்தது. திரும்பப் போய்ப் பார்த்தால், நிறுத்திய சேவை மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தினேன், வந்தது. நிறுத்தினேன், மறுபடியும் வந்தது. ஒரு மணி நேரம் இதிலேயே போயிற்று.

விஷயம் என்னவென்றால், விண்டோஸ் 10ல் அந்தச் சேவை தேவைப்படும்போது தானே எழுந்துகொள்ளும். அதை எழுப்பிவிட "அப்டேட் ஆர்கெஸ்ட்ரேட்டர்" என்று இன்னொரு சேவை இருக்கிறது. என் பக்கத்திலும் ஒரு காரணம் இருந்தது. செட்டிங்ஸில் அப்டேட் பக்கத்தைப் பின்னால் திறந்தே வைத்திருந்தேன், அதுவும் எழுப்பிக்கொண்டே இருந்தது. ஆகவே முதலில் செட்டிங்ஸை முழுதாக மூடுங்கள். நெட் கேபிளைக் கழற்றுங்கள் அல்லது வைஃபையை அணையுங்கள். அதற்குப் பிறகு இரண்டு சேவைகளையும் நிறுத்திவிட்டு உடனே பெயரை மாற்றுங்கள். பலருக்கு இதிலேயே முடிந்துவிடும்.

முடியவில்லை என்றால் சேஃப் மோட், அதாவது அத்தியாவசியமானவற்றோடு மட்டும் விண்டோஸ் திறக்கும் நிலை. ஷிஃப்ட் பொத்தானை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுங்கள். நீலத் திரையில் "டிரபிள்ஷூட்", "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்", "ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ்" என்று போய் மறுபடி ரீஸ்டார்ட் கொடுத்தால் ஒரு பட்டியல் வரும். அதில் 4 அழுத்துங்கள். சேஃப் மோடில் இந்தச் சேவைகள் ஓடுவதில்லை, கோப்புறையும் மறுப்பின்றிப் பெயர் மாறும். நான் கடைசியில் இப்படித்தான் முடித்தேன். இப்போது யாருக்குச் செய்தாலும் நேராக சேஃப் மோடுக்கே போய்விடுகிறேன்.

பிறகு வழக்கம்போல் ரீஸ்டார்ட் செய்து, நெட்டை இணைத்து, "செக் ஃபார் அப்டேட்ஸ்" அழுத்துங்கள். முதல் தேடல் அரை மணி நேரம்கூட எடுக்கலாம். அக்கா கடையில் இருபது நிமிடம் ஆனது. அப்புறம் சதவீதம் நகரத் தொடங்கியது. ஒரு வாரம் எல்லாம் சரியாக ஓடினால் பழைய கோப்புறையை அழித்துவிடலாம்.

இறங்குகிறது, ஆனால் நிறுவும்போது தோற்கிறது என்றால்

இங்கேதான் கருப்புத் திரை தேவை. கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, முதலில் "டிஸ்ம்" கருவியை "ரிஸ்டோர்ஹெல்த்" தேர்வோடு ஓட்டுங்கள், பிறகு "எஸ்எஃப்சி" கருவியை "ஸ்கேன்நவ்" தேர்வோடு. இந்த வரிசையை மாற்றாதீர்கள். எஸ்எஃப்சி பழுதான கோப்புக்கு மாற்றை விண்டோஸ் தனக்குள் வைத்திருக்கும் கிடங்கிலிருந்து எடுக்கிறது. அந்தக் கிடங்கையே பழுதுபார்ப்பதுதான் டிஸ்மின் வேலை. கிடங்கு கெட்டிருக்கும்போது எஸ்எஃப்சி ஓட்டிப் பயனில்லை. டிஸ்ம் பாதியில் அரை மணி நேரம் அசையாமல் நிற்கும், காத்திருங்கள்.

அதுவும் பலிக்காவிட்டால் "மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக்" தளத்தில் அந்த அப்டேட்டின் கேபி எண்ணை (அப்டேட்டின் பெயரோடு வரும் அடையாள எண்) தேடித் தனியாக இறக்கி நிறுவலாம். உங்கள் விண்டோஸ் 32 பிட்டா 64 பிட்டா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். மாற்றி இறக்கினால் நிறுவாது.

பிறகு சேர்த்தது

இதைப் படித்த ஒருவர், கோப்புறை பெயரை மாற்றிய பிறகு "அப்டேட் ஹிஸ்டரி" காலியாகிவிட்டது, போட்ட அப்டேட்டுகள் எல்லாம் போய்விட்டனவா என்று பதறிக் கேட்டிருந்தார். போகவில்லை. அந்தப் பட்டியல்தான் பழைய கோப்புறையோடு போனது. கன்ட்ரோல் பேனலில் "இன்ஸ்டால்டு அப்டேட்ஸ்" பாருங்கள், எல்லாம் அங்கே இருக்கும்.

இன்னொருவர் ஹாட்ஸ்பாட்டில் நெட் எடுப்பவர். அவருக்கு அப்டேட் இறங்கவே தொடங்கவில்லை. வைஃபை அமைப்பில் "மீட்டர்டு கனெக்‌ஷன்" ஆனில் இருந்திருக்கிறது. டேட்டாவைச் சேமிக்க விண்டோஸ் அந்த இணைப்பில் பெரிய அப்டேட்டுகளை இறக்காமல் நிறுத்திவைக்கும். அணைத்ததும் இறங்கியது.

32 ஜிபி சேமிப்பிடம் மட்டுமே உள்ள சின்ன மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கு: எவ்வளவு சுத்தம் செய்தாலும் பெரிய அப்டேட்டுக்கு இடம் வராது. காலியான பென்டிரைவ் ஒன்றைச் செருகுங்கள். இடம் போதாதபோது விண்டோஸே அதைத் தற்காலிக இடமாகப் பயன்படுத்தலாமா என்று கேட்கும்.

அக்டோபருக்குப் பிறகு

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்தது. அக்கா கடைக் கணினி போன்றவற்றுக்கு விண்டோஸ் 11 முறைப்படி வராது. அது இன்டெல்லில் எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் கேட்கிறது. ஆனால் வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் தரும் நீட்டிப்புத் திட்டம் ஒன்றை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை ஒத்திசைத்தால் பணம் கட்ட வேண்டியதில்லை. இதற்கு உங்கள் விண்டோஸ் 22எச்2 பதிப்பாக இருக்க வேண்டும், முந்தைய அப்டேட்டுகளும் போட்டிருக்க வேண்டும். அப்டேட் சிக்கிக் கிடக்கும் கணினியில் அந்தத் திட்டத்தில் சேர்வதற்கான "என்ரோல்" இணைப்பே தெரியாமல் போகலாம், அதனால்தான் முதலில் சிக்கலை எடுக்கச் சொல்கிறேன்.

கையில் கொஞ்சம் பணம் இருந்தால் வேறு எதையும் வாங்காமல் ஓர் எஸ்எஸ்டி வாங்குங்கள். ரேமை விட அதுவே முதலில். அக்கா கடையில் ஆகஸ்டில் 240 ஜிபி ஒன்று போட்டோம். அதே கணினி, அதே 4 ஜிபி ரேம். மாத அப்டேட் இப்போது அரை மணி நேரத்தில் முடிகிறது. கடை திறந்திருக்கும் நேரத்தை "ஆக்டிவ் ஹவர்ஸ்" பகுதியில் காலை 9 முதல் இரவு 9 வரை என்று வைத்துவிட்டேன். ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய் அப்டேட் வெளியாகும். மறுநாள் புதன்கிழமை மட்டும் அக்கா மெயின் சுவிட்சை அணைக்காமல் விட்டுவிட்டுப் போகிறார்.