பெயர் மாறிய இதழை ஒரே தொடருக்குள் கொண்டுவர

1930 ஜனவரியில் ‘அஸ்டவுண்டிங் ஸ்டோரீஸ் ஆஃப் சூப்பர்-சயின்ஸ்’ என்று தொடங்கிய அமெரிக்க அறிவியல் புனைகதை இதழ், 1938 மார்ச்சில் ‘அஸ்டவுண்டிங் சயின்ஸ்-ஃபிக்ஷன்’ ஆனது, 1960-இல் ‘அனலாக்’. இத்துறை நூல்களையும் இதழ்களையும் பட்டியலிடும் ஐஎஸ்எஃப்டிபி (ISFDB) இணையத் தரவுத்தளத்தில் பெயரை மட்டும் நம்பித் தொகுத்தால் ஒரே பத்திரிகை பல துண்டாகச் சிதறும். நான் அதைச் சேர்த்த விதம் இது.

ஒவ்வோர் இதழும் அட்டையில் உள்ள பெயர், மாதத்தோடு தனிப் பதிவாகவே இருக்கட்டும். அதில் கை வைக்க வேண்டாம். கூடவே உருவாகும் எடிட்டர் பதிவுகளை (இதழின் ஆசிரியர் யார் என்று காட்டுபவை) மட்டும் ஆண்டுவாரியாக இணைத்து, ‘பெயர் - ஆண்டு’ எனத் தலைப்பிட்டுத் தொடரில் சேர்க்க வேண்டும். எல்லாப் பெயருக்கும் தாய்த் தொடர் ஒன்றே.

சிக்கலான ஆண்டு 1933. மார்ச் இதழோடு ஆசிரியர் ஹாரி பேட்ஸ் விலகுகிறார். இதழ் நின்று, பதிப்பகம் கைமாறி, அக்டோபரில் எஃப். ஆர்லின் ட்ரெமெய்ன் ஆசிரியராக வருகிறார். அந்த ஆண்டை ஒன்றாக்கினால் ஒருவருடைய உழைப்பு மற்றவர் கணக்கில் ஏறிவிடும். எனக்கு அது பொறுக்காது. இரண்டு பதிவாகவே வைத்தேன்.

அந்த அக்டோபர் இதழின் தேதி 1933-10-00 என்றே இருக்க வேண்டும். நாள் இல்லாத இடத்தில் 00. கடைக்கு வந்த நாள் கணக்கில்லை, அட்டை மாதம்தான்.

1939 ஆகஸ்ட்டில் தொடங்கிய பிரிட்டிஷ் மறுபதிப்பில் பல கதைகள் விடுபட்டிருக்கும். அதற்குத் தனித் தொடர்.