ஸ்கேன் பயமா? நாள் கணக்கில் சொல்லுங்கள்

"எத்தனை மில்லிசீவர்ட்?" என்று கதிர்வீச்சை அளக்கும் அலகைச் சொல்லி எந்த நோயாளியும் கேட்பதில்லை. "கதிர் உடம்பிலேயே தங்கிவிடுமா?" என்றுதான் கேட்கிறார். தங்காது, கருவி நின்றதும் எக்ஸ்ரே கதிரும் நின்றுவிடும். ஸ்கேன் எடுக்கும் நீங்கள் நோயாளியிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்.

பிறகு ஒப்பீடு. மண், காற்று, விண்வெளி வழியாக நம் ஒவ்வொருவர் மீதும் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் இயற்கைக் கதிர்வீச்சு படுகிறது. ஒரு மார்பு எக்ஸ்ரே அதில் சில நாள் பங்கு, மிஞ்சினால் இரண்டு வாரம். வயிற்று சிடி ஸ்கேன் அப்படியல்ல, சில ஆண்டுப் பங்கு. அதை மழுப்ப வேண்டாம். "ஆபத்தே இல்லை" என்பதைவிட, "மிகச் சிறிய ஆபத்து உண்டு; இந்தப் படம் இன்ன காரணத்துக்காகத் தேவை" என்ற பதிலையே நோயாளி நம்புவார்.

கர்ப்பமா, அண்மையில் இதே ஸ்கேன் எடுத்தாரா என்று கேட்க மறக்காதீர்கள். எம்ஆர்ஐ, அல்ட்ராசவுண்டில் இந்தக் கதிர்வீச்சே கிடையாது.