கோடையில் சவாரிக் குதிரையைப் பேணும் முறை
மெரினா கடற்கரையில் சவாரிக்கு நிற்கும் குதிரைக்கு வெயிலைவிடக் கடற்காற்றின் ஈரப்பதமே பெரிய சோதனை. குதிரை தன் உடற்சூட்டைப் பெரும்பாலும் வியர்வையால் தணிப்பதால், காற்று ஈரமாக இருக்கும்போது வியர்வை உலராமல் சூடு உடலுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. ஆகவே சவாரியை அதிகாலைக்கும் அந்திக்குப் பிந்திய பொழுதுக்கும் ஒதுக்கி, நடுப்பகலில் காற்றோட்டமுள்ள நிழலில் கட்டி, நாளொன்றுக்கு 40 லிட்டருக்குக் குறையாமல் நல்ல தண்ணீரும், வியர்வையில் போகும் உப்பை ஈடுசெய்யத் தீவனத்தில் சிறிது உப்பும் கொடுக்க வேண்டும்.

சூடேறிய குதிரைமேல் குளிர்ந்த நீரை ஊற்றினால் தசை பிடித்துக்கொள்ளும் என்பார்கள். அது வீண் அச்சம், உடல் முழுவதும் விடாமல் ஊற்றுவதே சூட்டை விரைவாகத் தணிக்கும். ஓய்வெடுத்த பின்னும் உடல் வெப்பம் 38.5 டிகிரி செல்சியசுக்கு மேல் நின்றாலோ, உழைத்தும் தோல் வியர்க்காமல் வறண்டிருந்தாலோ கால்நடை மருத்துவரை உடனே அழைக்க வேண்டும்.