ஒரு சொல்லுக்காகவா பிரிந்தார்கள்? சீர்திருத்தச் சபைகளின் ஒற்றுமை வரலாற்றைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஒரு சொல்லுக்காகச் சண்டை போட்டுச் சபையை உடைத்துக்கொண்டார்கள்." 16ஆம் நூற்றாண்டு புராட்டஸ்டன்ட் சபைகளைப் பற்றிப் பேச்சு வந்தால் இதை யாராவது சொல்லிவிடுகிறார்கள். அந்தச் சொல், திருவிருந்து அப்பத்தைப் பற்றி ‘இது என்னுடைய சரீரமாயிருக்கிறது’ என்று கிறிஸ்து சொன்னதில் உள்ள ‘இருக்கிறது’. அதன் கனத்தைப் பார்க்காமல் கடந்துபோவதுதான் முதல் தவறு. இது மனதை வருத்தும் தவறும்கூட.

1529 அக்டோபர். ஹெஸ்ஸே நாட்டை ஆண்ட பிலிப், மார்பர்க்கிலிருந்த தன் கோட்டைக்குச் சீர்திருத்தத் தலைவர்களை அழைத்திருந்தார்: ஜெர்மனியின் லூத்தர், அவருடைய சகா மெலாங்தன், சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரத்து ஸ்விங்லி, பாசெல் நகரத்து எக்கொலம்பாடியுஸ் ஆகியோர் வந்தார்கள். வாதம் தொடங்கியதுமே லூத்தர் சுண்ணக்கட்டியை எடுத்து, "இது என்னுடைய சரீரமாயிருக்கிறது" என்று மேசைமேல் லத்தீனில் எழுதி, மேலே வெல்வெட் துணியைப் போர்த்தி வைத்தார். பிறகு "வேதத்தில் எங்கே ஆதாரம்?" என்ற கேள்வி எழுந்தபோது துணியை விலக்கிக் காட்டினார். ஸ்விங்லியோ யோவான் 6:63ஐப் பிடித்துக்கொண்டார்: "மாம்சமானது ஒன்றுக்கும் உதவாது." லூத்தர் ‘இருக்கிறது’ என்று படித்த இடத்தில் அவர் ‘குறிக்கிறது’ என்று படித்தார்.

திருவிருந்தில் கிறிஸ்துவின் சரீரம் மெய்யாகவே கொடுக்கப்படாவிட்டால், கலங்கிய மனதோடு வருகிறவன் எதைப் பற்றிக்கொள்வான் என்பது லூத்தரின் கவலை. பிதாவின் வலதுபாரிசத்துக்கு ஏறிப்போன சரீரம் ஒரே நேரத்தில் ஆயிரம் இடங்களில் இருக்குமென்றால், கிறிஸ்து மெய்யான மனிதர் என்பது என்னாகும் என்பது ஸ்விங்லியின் கவலை. இருவரும் இரட்சிப்பைப் பற்றித்தான் பேசினார்கள். அதனால்தான் இருவராலும் விட்டுக்கொடுக்க முடியவில்லை.

"மார்பர்க் படுதோல்வி" என்று எழுதிவிடுவதும் சரியல்ல. அங்கே எழுதப்பட்ட 15 கட்டுரைகளில், அதாவது கொள்கைப் பிரிவுகளில், 14இல் முழு உடன்பாடு ஏற்பட்டது. பதினைந்தாவதிலும் அப்பம், திராட்சரசம் இரண்டையும் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும் என்பது உட்படப் பலவற்றில் ஒத்துப்போனார்கள். சரீரம் மெய்யாகவே அங்கே இருக்கிறதா என்ற ஒன்று மட்டும் நின்றுவிட்டது. பத்துப் பேர் கையெழுத்திட்டார்கள்.

அங்கே லூத்தர் சொன்ன "உங்கள் ஆவி வேறு" என்ற வாக்கியத்தை ஸ்விங்லியிடம் சொன்னதாகப் பலர் எழுதுகிறார்கள். அவர் அதைச் சொன்னது ஸ்ட்ராஸ்பர்க்கின் மார்ட்டின் பூட்சரிடம். ஆளை மாற்றினால் கதையின் பிற்பகுதியே தொலைந்துபோகும். ஏனென்றால் ஏழு ஆண்டுகள் கழித்து, 1536 மே மாதத்தில், அதே பூட்சர் விட்டன்பர்க்குக்கு வந்து லூத்தரோடு உடன்படிக்கை செய்தார். விசுவாசமில்லாதவர்களும் கிறிஸ்துவின் சரீரத்தைப் பெறுகிறார்களா என்பதுதான் அப்போதைய முட்டுக்கட்டை. ‘அவபக்தர்’ (பக்தியற்றவர்) என்ற சொல்லைத் தவிர்த்து, பவுல் சொன்ன ‘அபாத்திரமாய்’ (தகுதியில்லாமல்) என்பதையே எடுத்துக்கொண்டார்கள். பூட்சரோடு வந்தவர்களை லூத்தர் சகோதரர்களாக ஏற்றபோது பூட்சரும் அவருடைய சகா காபிட்டோவும் அழுதுவிட்டார்கள். இத்தனை நெருக்கமாக வந்தும் சுவிஸ் சபைகள் அதை ஏற்கவில்லை. பூட்சரைச் ‘சமரசம் பேசித் திரிந்தவர்’ என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்தக் காலத்தில் அவரளவுக்கு உழைத்தவர்கள் குறைவு.

அடுத்தது, பலர் கவனிக்காமல் விடுவது: லூத்தரன்களின் அடிப்படை ஆவணமான ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையை ஆண்டைச் சொல்லாமல் எழுதுவது. 1530 பதிப்பின் பத்தாம் கட்டுரை, கிறிஸ்துவின் சரீரமும் இரத்தமும் மெய்யாகவே இருந்து, புசிப்பவர்களுக்குப் பகிரப்படுகின்றன என்கிறது. வேறுவிதமாகப் போதிப்பவர்களை மறுக்கவும் செய்கிறது. 1540இல் மெலாங்தன் அதைத் திருத்தி, அப்பத்தோடும் திராட்சரசத்தோடும் அவை மெய்யாகவே அளிக்கப்படுகின்றன என்று எழுதினார். மறுப்பு வாக்கியம் போய்விட்டது. ஜெனீவாவின் சீர்திருத்தத் தலைவர் கால்வினால் ஏற்க முடிந்தது இந்தத் திருத்திய பதிப்பைத்தான். ஜெர்மன் பேரரசில் 1555 ஆக்ஸ்பர்க் சமாதானம், புராட்டஸ்டன்ட்களில் ஆக்ஸ்பர்க் அறிக்கையைச் சேர்ந்தவர்களுக்கு மட்டுமே சட்டப் பாதுகாப்பு கொடுத்தது. ஆகவே "எந்தப் பதிப்பு?" என்பது ஒரு நாட்டின் பிழைப்பையே தீர்மானிக்கிற கேள்வி ஆனது. கால்வினியர்களுக்கு அந்தப் பாதுகாப்பு தெளிவாகக் கிடைத்தது 1648இல், வெஸ்ட்ஃபாலியா சமாதானத்தில்தான்.

பெயர்களை நம்பி ஏமாறாதீர்கள். 1549இல் கால்வினும் ஸ்விங்லிக்குப் பின் சூரிச் சபையை நடத்திய புல்லிங்கரும் சூரிச்சில் கண்ட ‘ஒருமித்த கருத்து’ ஜெனீவாவையும் சூரிச்சையும் சேர்த்தது. லூத்தரன்களை இன்னும் தூரத் தள்ளியது. 1577இன் ‘இசைவு வாக்கியம்’ லூத்தரன்களுக்குள் இருந்த பிளவுகளைப் பெருமளவு ஆற்றியது. ஆனால் கால்வினியர்களுக்குக் கதவை அடைத்தது. ஒற்றுமை ஆவணம் எதைப் படித்தாலும், யாரை வெளியே நிறுத்த இது எழுதப்பட்டது என்றும் கேளுங்கள்.

இன்றைய சமய நல்லிணக்கத்தை அங்கே தேடுவதும் பிழை. பிலிப்புக்கு வேண்டியிருந்தது கத்தோலிக்கப் பேரரசருக்கு எதிரான ஒரு கூட்டணி. குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்காத மறுஞானஸ்நானக்காரர்களுக்கு எந்த மேசையிலும் இடமில்லை. அவர்களில் ஒருவரான ஃபெலிக்ஸ் மான்ஸை 1527இல் ஸ்விங்லியின் சூரிச்சே லிம்மாட் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றது.

கடைசியாக, வாதமேடைகளில் மட்டும் ஒற்றுமையைத் தேடாதீர்கள். போலந்தில் 1570இல் லூத்தரன்கள், கால்வினியர்கள், போஹேமிய சகோதரர்கள் (ஜான் ஹுஸ் வழிவந்த சபை) மூவரும் சாண்டோமியெஜ் நகரில் ஒருவரையொருவர் மெய்யான கிறிஸ்தவர்களாக ஏற்றார்கள். 1631இல் பாரிஸ் அருகே ஷாரன்டோனில் கூடிய பிரெஞ்சுச் சீர்திருத்தச் சபை, லூத்தரன்கள் தங்கள் கொள்கையைக் கைவிடாமலே தங்களோடு திருவிருந்தில் பங்குபெறலாம் என்றது. எடின்பரோவில் பிறந்த ஜான் ட்யூரி இதே நோக்கத்தோடு ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் நாடு நாடாக நடந்து, 1680இல் காசெலில் இறந்தார். அவர் நினைத்த ஒன்றிப்பு நடக்கவில்லை.

நம் கரையிலும் ஒரு தடயம் உண்டு. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு லூத்தரன். அவரைப் பணித்தவர் டென்மார்க் அரசர். 1715இல் அச்சாகி முடிந்த அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாட்டுக்குத் தமிழ் எழுத்துகளை முதலில் வார்த்து அனுப்பியவர்கள் ஜெர்மனியின் ஹாலே நகரத்து லூத்தரன்கள். அச்சு இயந்திரத்தை அனுப்பியதோ லூத்தரன் அல்லாத, லண்டனின் ஆங்கிலிக்கன் சங்கம்.