ஏற்காட்டு வளைவு, ஒரு சாண் பலகையில்

மாடல் ஜீப்பை நிறுத்தி வைக்க, ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றைச் சின்ன மாதிரியாகச் செய்தேன். தெர்மாகோலைச் செதுக்கி நேராக ஸ்ப்ரே பெயின்ட் அடித்ததில் பாதி மலை கரைந்தே போனது! முதலில் ஃபெவிகால் பூசிக் காயவிடுங்கள். அப்புறம் அக்ரிலிக், அதுவும் பிரஷ்ஷால்.

மண்ணைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம். அடிவாரச் செம்மண்ணை டீ வடிகட்டியில் சலித்து, பழைய வாணலியில் வறுத்துத் தூவுங்கள். 1:72 அளவில் (நிஜத்தில் 72-ல் ஒரு பங்கு) 2 மி.மீ. கல்லே 14 செ.மீ. பாறையாகிவிடும், ஜாக்கிரதை. மேலே, சரிபாதி தண்ணீர் கலந்த ஃபெவிகாலை இங்க் ஃபில்லரால் சொட்டுங்கள். அதில் ஒரு துளி பாத்திரம் தேய்க்கும் லிக்விட் அவசியம். இல்லையென்றால் பசை உள்ளே இறங்காமல் முத்து முத்தாக உருண்டு நிற்கும்.

மறுநாள், கறுப்பும் பழுப்பும் நீர்க்கக் கரைத்துப் பாறை இடுக்குகளில் ஓடவிடுங்கள். காய்ந்ததும், பிரஷ்ஷை வெளிர்சாம்பல் பெயின்ட்டில் தோய்த்துத் துணியில் துடைத்துவிட்டு, விளிம்புகளில் மட்டும் லேசாகத் தடவுங்கள்.