ரேஷன் அரிசிச் சோற்றை நம்பியிருக்கும் வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வண்ணாரப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் மாதக் கடைசியில் பல வீடுகளைத் தாங்கிப் பிடிப்பது ரேஷன் புழுங்கல் அரிசிதான். 2011 ஜூன் முதல் விலையின்றிக் கிடைக்கும் இந்த அரிசியை இளக்காரமாகப் பேசுவது எனக்கு ஒப்பாது. நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி வைட்டமின்களில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுவதால், தீட்டிய பின்பும் பச்சரிசியைவிட இதில் அவை கூடுதலாகத் தங்குகின்றன. அப்படித் தங்கிய சத்தை நாமே வெளியே கொட்டிவிடுகிறோம் என்பதுதான் என் வருத்தம்.

எங்கள் தெருவில் ஓர் அக்கா, முறத்தில் அரிசியைப் பரப்பி, நிறத்தில் சற்றே வேறுபட்ட மணிகளைப் பொறுக்கி ஒரு கிண்ணத்தில் ஒதுக்கிக்கொண்டிருந்தார். பிளாஸ்டிக் அரிசி கலந்துவிட்டார்கள் என்பது அவருடைய அச்சம். அரிசி களையும்போது அவற்றில் சில மிதப்பதும் அந்த அச்சத்தை வளர்த்திருந்தது. உண்மையில் அவை செறிவூட்டப்பட்ட மணிகள். அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 ஆகியவற்றைப் பிசைந்து, அரிசி வடிவில் வார்த்து, 100 கிலோவுக்கு 1 கிலோ என்ற அளவில் கலந்தவை. வெந்த பின் ஒன்றை விரலால் நசுக்கினால் மாவாகக் குழைவதைப் பார்க்கலாம். இரத்தசோகை மலிந்த நம் வீடுகளில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் மிகவும் வேண்டியது எதுவோ, அதுவே பொறுக்கி எறியப்படுகிறது.

வாடைக்குப் பயந்து ஐந்தாறு முறை களைவதும் தவறுதான். நன்றாகப் புடைத்துக் காற்றாட வைத்துவிட்டு, இரண்டு முறை களைந்தால் போதும். அளவான தண்ணீரில் வேகவைப்பது நல்லது. வடித்தே தீர வேண்டுமென்றால் வடிகஞ்சியைச் சாக்கடையில் ஊற்றாமல் உப்புப் போட்டுக் குடிக்கலாம், ஏனெனில் நீரில் கரையும் பி வைட்டமின்கள் அதற்குள்தான் இருக்கின்றன.

தட்டு நிறையச் சோறும் மேலே கொஞ்சம் ரசமும் என்று மூன்று வேளையும் முடித்துக்கொண்டால் வயிறு நிரம்பும், உடம்பு தேறாது. அரிசியில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது நிறைய உண்டு. ஆகவே ரேஷனில் வாங்கும் துவரம்பருப்பை ஞாயிற்றுக்கிழமை சாம்பாருக்கென்று பொத்தி வைக்காமல், தினமும் ஒரு கைப்பிடியாவது வேகவைத்துச் சேர்க்க வேண்டும். காசிமேட்டில் மலிவாகக் கிடைக்கும் நாளில் வாங்கும் நெத்திலியை முள்ளோடு தின்றால் சுண்ணாம்புச்சத்தும் சேரும். கருவாடாக இருந்தால், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் வெந்நீரில் ஊறவைத்து உப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும் என்பதால் ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிப்பது நலம்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, மதியம் வடித்த சோற்றை அப்படியே மூடி வைத்து, இரவில் தாளித்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது. கொதியிலும் சாகாத ஒருவகைப் பாக்டீரியா வித்துகள் சோற்றில் இருக்கலாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கினால், பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது, வாந்தியில் கொண்டுபோய் விடும். மீந்த சோற்றை இரண்டு மணி நேரத்துக்குள் ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைத்துவிட வேண்டும். பழைய சோற்றுக்கென்றால் சுத்தமான பாத்திரத்தில், இரவில் புதிதாக வடித்த சோற்றையே ஆறியதும் நீர் ஊற்றி மூடி, காலையிலேயே சாப்பிட்டுவிட வேண்டும். இலேசான புளிப்பு மணம் இயல்பானது; நூல் விட்டாலோ, வழவழத்தாலோ, கெட்ட வாடை வந்தாலோ தயங்காமல் கொட்டிவிடுங்கள்.