12 பேருக்கு அமெரிக்கத் தென்மாநில பார்பிக்யூ: முதல் முறை சமைப்பவர்களுக்கு

அமெரிக்காவின் வட கரோலினாவில் உள்ள ராலேவுக்குக் குடிவந்த புதிதில், "சனிக்கிழமை நம் வீட்டில் பார்பிக்யூ" என்று பத்துப் பேரைக் கூப்பிட்டுவிட்டு, கோழிக்காலைக் கரி அடுப்பில் சுட்டுக் கொடுத்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் ரசித்துச் சாப்பிட்டார். கிளம்பும்போது, "நன்றாக இருந்தது. ஆனால் இதற்குப் பெயர் குக்அவுட்" என்றார். அதாவது, வெளியே அடுப்பு வைத்துச் சுட்டுச் சாப்பிடுவது. வட கரோலினாவில் பார்பிக்யூ என்றால் பன்றி இறைச்சி. நேர்த்தீயில் சுடாமல், குறைந்த சூட்டிலும் விறகுப் புகையிலும் மணிக்கணக்காக வெந்தது.

முதலில் ஊரை முடிவு செய்யுங்கள்

தென்மாநிலங்களில் ஊருக்கு ஊர் கணக்கு வேறு. வட கரோலினாவின் கிழக்கே முழுப் பன்றியும் மிளகாய் வினிகரும். மேற்கே லெக்சிங்டன் பக்கம் தோள்பகுதி மட்டும், வினிகரில் கொஞ்சம் கெட்சப் சேரும். தென் கரோலினாவில் மஞ்சள் நிறக் கடுகு சாஸ். மெம்ஃபிஸில் மசாலாப் பொடி தடவிய விலா எலும்பு. டெக்சஸில் பிரிஸ்கெட், அதாவது மாட்டின் மார்புப் பகுதி. எல்லாவற்றையும் ஒரே மேசையில் வைக்க ஆசை வரும்; வேண்டாம். பிரிஸ்கெட்டை முதல் முறை தொடவே தொடாதீர்கள். சற்றுத் தவறினாலும் வறண்டுவிடும், விலையும் அதிகம்.

பழகுவதற்குப் பன்றித் தோள்தான் சரி. கடையில் 'பாஸ்டன் பட்' என்று எழுதியிருக்கும். கொழுப்பு நிறைய இருப்பதால் ஒரு மணி நேரம் கூடுதலாக வெந்தாலும் கெடாது.

எவ்வளவு வாங்குவது?

ஆளுக்கு வெந்த இறைச்சி 150 கிராம். எலும்பும் உருகும் கொழுப்பும் போக எடையில் கிட்டத்தட்ட பாதிதான் மிஞ்சும். ஆக 12 பேருக்கு 4 கிலோ. ஒரே பெரிய துண்டாக வாங்காமல் 2 கிலோவாக இரண்டு வாங்குங்கள், சீக்கிரம் வேகும்.

பன்றி சாப்பிடாதவர்கள் வருகிறார்களா என்று முன்பே கேட்டுவிடுங்கள். அவர்களுக்குக் கோழித்தொடை, அதற்குத் தனி அடுப்பு. ஒரே அடுப்பில் மேலிருந்து பன்றிக் கொழுப்பு சொட்டினால் அப்புறம் யாருக்கும் பயனில்லை. கோழிக்கு அலபாமாவின் வெள்ளை சாஸ் அருமையான ஜோடி: மயோனைஸ், வினிகர், மிளகு, உப்பு.

கடிகாரத்தைப் பின்னோக்கி ஓட்டுங்கள்

முதல் விருந்தை மாலை 6 மணிக்கு வையுங்கள். மதிய விருந்து என்றால் நள்ளிரவில் எழ வேண்டியிருக்கும்.

முந்தின இரவே உப்பு, நாட்டுச் சர்க்கரை, மிளகு, பாப்ரிகா பொடி கலந்து இறைச்சி முழுவதும் தடவிக் குளிர்பெட்டியில் வையுங்கள். காலை 5 மணிக்குக் கரியை மூட்டி ஒரு பக்கமாக ஒதுக்குங்கள், இறைச்சி மறுபக்கம். கரி மேல் ஹிக்கரி அல்லது ஓக் கட்டை இரண்டு மூன்று போதும். அடுப்புச் சூடு 120 டிகிரி செல்சியஸ், அதாவது 250 பாரன்ஹீட். 6 மணிக்கு இறைச்சி உள்ளே போக வேண்டும். மூடியைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள்.

மதியம் வாக்கில் ஒரு சோதனை வரும். இறைச்சியின் உள்சூடு 65, 70 டிகிரி வரை ஏறிவிட்டு அப்படியே நின்றுவிடும். அடுப்பு அணைந்துவிட்டதோ என்று கரியை அள்ளிக் கொட்டியவன் நான். உண்மையில், வியர்வை நம் உடம்பைக் குளிர்விப்பது போல, ஆவியாகும் ஈரம் இறைச்சியைக் குளிர்விக்கிறது. அலுமினியத் தாளில் இறுக்கமாகச் சுற்றினால் மறுபடி ஏறும்.

உள்சூடு 95 டிகிரியைத் தொட்டு, எலும்பை ஆட்டினால் கழன்று வருகிறதா? ஆயிற்று. இதற்கு மொத்தம் 8 முதல் 10 மணி நேரம் ஆகும். சுற்றிய தாளோடு துண்டில் பொதிந்து, ஐஸ் போடாத ஐஸ் பெட்டியில் வைத்து மூடுங்கள். ஒரு மணி நேரமாவது ஓய்வு வேண்டும். சீக்கிரம் வெந்துவிட்டால் மூன்று மணி நேரம் இருந்தாலும் சூடு ஆறாது. விருந்தினர் வந்தபின் பிய்த்துப் போடுங்கள்.

கோழியை 3 மணிக்கு மேல் ஏற்றினால் போதும். உள்சூடு குறைந்தது 74 டிகிரி வரவேண்டும்.

சாஸும் பக்க உணவுகளும்

கிழக்குக் கரோலினா சாஸுக்கு அடுப்பே வேண்டாம். அரை லிட்டர் ஆப்பிள் வினிகர், ஒரு மேசைக்கரண்டி மிளகாய்ச் செதில், அதே அளவு சர்க்கரை, இரண்டு தேக்கரண்டி உப்பு, கொஞ்சம் மிளகு. பாட்டிலில் போட்டுக் குலுக்கி ஒரு நாள் வையுங்கள். தனியாக நக்கிப் பார்த்தால் முகம் சுளிக்கும். கொழுப்பான இறைச்சிக்கு அந்தப் புளிப்புதான் உயிர்.

பக்க உணவு நான்குக்கு மேல் வேண்டாம். கோல்ஸ்லா, அதாவது பச்சை முட்டைக்கோஸ் சாலட், கட்டாயம். இறைச்சியோடு சேர்த்து பன்னுக்குள்ளேயே வைப்பார்கள். வேகவைத்த பீன்ஸில் (பச்சைக் காயல்ல, காய்ந்த விதை) வழக்கமாகப் பேகன் என்ற உப்பிட்ட பன்றி இறைச்சியைப் போடுவார்கள், சைவர்களுக்காக நான் விட்டுவிடுகிறேன். கொலார்ட் கீரையை நீண்ட நேரம் வேகவைத்து, அந்தச் சாறில் கார்ன்பிரெட் என்ற மக்காச்சோள ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிட வேண்டும். கார்ன்பிரெட்டில் சர்க்கரை போடலாமா என்று மட்டும் தெற்கத்திக்காரர்களிடம் கேட்காதீர்கள், விருந்து முடியாது.

கோல்ஸ்லாவுக்கான கோஸை நறுக்குவது, பீன்ஸ், வாழைப்பழப் புட்டிங் எல்லாம் முந்தின நாள் வேலை. புட்டிங் ஒரு இரவு ஊறினால்தான் அதில் அடுக்கிய பிஸ்கட் மெத்தென்று ஆகும். மயோனைஸ் கலந்தவற்றை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். 32 டிகிரி வெயில் தாண்டினால் ஒரு மணி நேரம்தான்.

இனிப்புத் தேநீருக்குச் சர்க்கரையை டிகாக்‌ஷன் சூடாக இருக்கும்போதே கரைத்துவிடுங்கள். ஆறியபின் போட்டால் அடியில் மணலாகத் தங்கும்.